அமெரிக்கப் புறநகர் அரசுப் பள்ளி: கட்டடத்துக்கு முன்னால் வந்தது எல்லைக்கோடு

அமெரிக்காவில் வீடு தேடும் தமிழ்க் குடும்பங்களின் பேச்சில் ‘நல்ல ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்’ என்ற தொடர் கட்டாயம் வரும். எடிசன், கூப்பர்டினோ, பிரீமான்ட் என்று ஊர்ப் பெயர்கள் அடிபடும். பள்ளிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று பார்ப்பார்கள். அதே அளவு வீடு, ஒரு தெரு தள்ளிப் போனால் ஏன் இவ்வளவு மலிவு என்று பேச்சு நீளும். ஆனால் அந்தப் பள்ளி யாருடையது, யார் பணத்தில் நடக்கிறது என்று கேட்டால், “கவர்மென்ட் ஸ்கூல்தானே, கவர்மென்ட் நடத்துது” என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

இங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. அரசுப் பள்ளி என்றதும் நமக்கு நினைவு வருவது மாநிலக் கல்வித் துறை, எல்லா ஊருக்கும் ஒரே பாடப் புத்தகம், ஒரே சம்பள விகிதம், ஆசிரியர் இடமாறுதல் கலந்தாய்வு. அமெரிக்காவின் புறநகர் உயர்நிலைப் பள்ளி அப்படி மேலிருந்து இறங்கி வந்ததல்ல. அந்த நாட்டின் அரசியல் சாசனத்தில் கல்வி என்ற பேச்சே இல்லை. அது மாநிலங்களின் பொறுப்பு. மாநிலங்களோ பெரும்பாலும் அதை ஊர்க்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டன. ஊர்க்காரர்கள் முதலில் ஓர் எல்லை வகுத்தார்கள், அப்புறம் வரி போட்டார்கள், கடைசியாகத்தான் கட்டடம் எழுந்தது. இந்த வரிசை புரிந்தால் இன்றைய வீட்டு விலை வரை புரிந்துவிடும்.

திருவிழா வரியிலிருந்து தொடங்குவோம்

நம் கிராமங்களில் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். ஊர் கூடி, இந்த வருடம் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று முடிவு செய்யும். ஊர் எல்லைக்குள் உள்ள ஒவ்வொரு குடும்பமும் கொடுக்க வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்பவரும் அனுப்பி வைப்பார், கூத்துப் பார்க்க வராதவரும் கொடுப்பார். வசூலான பணம் அந்த ஊர்த் திருவிழாவுக்கு மட்டும்தான். பக்கத்து ஊர்க் கோயில் கூரை ஒழுகினாலும் அங்கே போகாது. எந்தக் கூத்தை அழைப்பது, எவ்வளவு செலவு செய்வது என்பதை ஊர்க் கமிட்டி தீர்மானிக்கும். கலெக்டர் அலுவலகத்துக்கு அதில் வேலை இல்லை.

ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பதும் ஏறக்குறைய இப்படித்தான் இயங்குகிறது. பள்ளி நடத்துவதற்கென்றே எல்லை வகுத்து, வரி போடும் அதிகாரம் தரப்பட்ட ஒரு சிறிய உள்ளாட்சி அது. நம் வருவாய் மாவட்டத்தோடு அதற்கு எந்தத் தொடர்பும் இல்லை. பல இடங்களில் அதன் எல்லையும் நகராட்சியின் எல்லையும்கூட ஒன்றாக இருக்காது. கமிட்டியின் இடத்தில் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் இருக்கிறது. இல்லினாய் மாநிலத்தில் அந்த வாரியத்தில் பெரும்பாலும் 7 பேர், சம்பளம் கிடையாது.

திருவிழா வரியிலிருந்து இது இரண்டு இடங்களில் விலகுகிறது. திருவிழா வரி கொடுக்காவிட்டால் ஊர்ப் பேச்சு கேட்க வேண்டும், பள்ளி வரி கொடுக்காவிட்டால் சட்டம் வரும். அடுத்தது இன்னும் முக்கியமானது. தலைக்கட்டு வரி எல்லாக் குடும்பத்துக்கும் ஒரே தொகை. பள்ளி வரியோ சொத்து வரி. வீடு, கடை, தொழிற்சாலை, நிலம் ஆகியவற்றின் மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கணக்கு. ஆகவே எல்லைக்குள் விலை உயர்ந்த சொத்து இருந்தால், குறைந்த சதவீதத்திலேயே நிறையப் பணம் வந்துவிடும்.

சுருக்கமாக: எல்லை, அதற்குள் உள்ள சொத்து, அந்தச் சொத்தின் மீதான வரி, வரியைச் செலவிட ஒரு வாரியம். பள்ளிக் கட்டடம் இந்த நான்கின் விளைவு.

முதலில் அதை யாரும் கேட்கவில்லை

அமெரிக்காவின் முதல் பொது உயர்நிலைப் பள்ளி 1821-ல் பாஸ்டனில் தொடங்கியது. 1827-ல் மாசசூசெட்ஸ் மாநிலம், 500 குடும்பங்களுக்கு மேல் உள்ள ஊர்கள் இப்படியொரு பள்ளி நடத்த வேண்டும் என்று சட்டம் போட்டது. சட்டம் வந்ததே தவிர, பல ஊர்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

காரணம் எளிது. எழுதப் படிக்கத் தொடக்கப் பள்ளி போதும். 14 வயதுப் பையன் வேலைக்குப் போனால் வீட்டுக்குக் கூலி வரும். கல்லூரிக்குப் போகிற வசதி உள்ளவர்கள் ‘அகாடமி’ எனப்படும் கட்டணப் பள்ளிகளுக்குப் போய்விடுவார்கள். நடுவில் ஊர்ப் பணத்தில் ஒரு பள்ளி எதற்கு? 1860-ல் மாசசூசெட்ஸின் பெவர்லி என்ற ஊரில் கூட்டம் போட்டு, நடந்துகொண்டிருந்த உயர்நிலைப் பள்ளியையே வேண்டாம் என்று வாக்களித்து மூடினார்கள். அந்த வாக்களித்தவர்களில் செருப்புத் தொழிலாளர்களும் விவசாயிகளும் நிறையப் பேர். அவர்களைக் கல்வியின் எதிரிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தங்கள் பிள்ளைகள் நுழையவே முடியாத பள்ளிக்குத் தாங்கள் ஏன் வரி கட்ட வேண்டும் என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி.

1890 வாக்கில்கூட, நாடு முழுவதும் 17 வயதானவர்களில் நூற்றுக்கு நாலு பேர்கூட உயர்நிலைப் பள்ளி முடிக்கவில்லை. அங்கே உயர்நிலைப் பள்ளி என்பது பொதுவாக 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை. அந்தச் சிலரிலும் பெண்களே அதிகம், ஏனென்றால் பையன்களுக்கு வேலை காத்திருந்தது. படித்து முடித்த பெண்களில் பலர் தொடக்கப் பள்ளி ஆசிரியைகள் ஆனார்கள்.

கலமசூ வழக்கு

ஊர்ப் பணத்தில் உயர்நிலைப் பள்ளி நடத்தலாமா என்ற கேள்வி கடைசியில் நீதிமன்றத்துக்குப் போனது. மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ என்ற ஊரில் 1858 முதலே ஓர் உயர்நிலைப் பள்ளி நடந்துவந்தது. சொத்துக்காரர்கள் சிலர் அதற்கான வரி செல்லாது என்று வழக்குப் போட்டார்கள். அவர்களில் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் முன்னாள் செனட்டர். தொடக்கக் கல்வியை இலவசமாகத் தருவது அரசின் கடமை, ஒப்புக்கொள்கிறோம், லத்தீனும் ஜியோமெட்ரியும் யாருக்கு வேண்டுமோ அவர்கள் காசு கொடுத்துப் படிக்கட்டும் என்பது அவர்கள் வாதம்.

1874-ல் மிச்சிகன் உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி தாமஸ் கூலி. மாநிலம் தொடக்கப் பள்ளிகளை நடத்துகிறது, பல்கலைக்கழகத்தையும் நடத்துகிறது, இரண்டுக்கும் இடையே ஏழைப் பிள்ளை ஏறிப்போக வழியே இல்லாமல் விட்டுவிடுவதுதான் மாநிலத்தின் கொள்கையாக இருந்திருக்க முடியுமா என்று அவர் கேட்டார். ஒரு டிஸ்ட்ரிக்டின் வாக்காளர்கள் விரும்பி வரி போட்டால் அதைத் தடுக்க மாநிலச் சாசனத்தில் எதுவும் இல்லை என்றும் சொன்னார். மற்ற மாநில நீதிமன்றங்களும் இந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டன.

அந்தத் தீர்ப்பில் நாம் கவனிக்க வேண்டியது ‘வாக்காளர்கள் விரும்பினால்’ என்பதைத்தான். எல்லா ஊரிலும் உயர்நிலைப் பள்ளி இருந்தாக வேண்டும் என்று கூலி சொல்லவில்லை. விரும்பும் ஊர் நடத்தலாம் என்றார். விரும்பியும் காசு இல்லாத ஊர் என்ன செய்யும் என்ற கேள்வி அந்த வழக்கில் எழவே இல்லை.

ரயில் பாதையோரம் ஒரு பள்ளி: நியூ டிரையர்

இப்போது புறநகருக்கு வருவோம். சிகாகோவுக்கு வடக்கே, மிச்சிகன் ஏரிக்கரையில் நியூ டிரையர் டவுன்ஷிப் இருக்கிறது. டவுன்ஷிப் என்பது மாவட்டத்தை நில அளவையின்போது துண்டு துண்டாகப் பிரித்ததில் வந்த ஓர் ஆட்சிப் பிரிவு. பெரும்பாலும் ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரம். 1785-ல் போட்ட நிலச் சட்டம், ஒவ்வொரு டவுன்ஷிப்பையும் 36 பங்காக்கி, 16-ஆவது பங்கைப் பள்ளிக்கென்று ஒதுக்கச் சொன்னது. ஊர் வருவதற்கு முன்பே, வெற்று நிலத்தின் வரைபடத்தில் பள்ளிக்கு ஒரு கட்டம் போட்டுவைத்தார்கள். அந்த முன்யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

ஜெர்மனியின் டிரையர் நகரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறியவர்கள் தங்கள் ஊர்ப் பெயரையே இந்த டவுன்ஷிப்புக்கு வைத்தார்கள். 1855-ல் ரயில் வந்தது. அதன் பிறகு வில்மெட், கெனில்வொர்த், வினெட்கா, கிளென்கோ என்று வரிசையாகச் சிறு ஊர்கள் முளைத்தன. காலையில் ரயில் ஏறிச் சிகாகோ அலுவலகத்துக்குப் போய் மாலையில் திரும்புபவர்களின் ஊர்கள். 1871-ல் சிகாகோவில் பெருந்தீ பற்றிய பிறகு நகரத்தை விட்டுத் தள்ளிக் குடிபோகும் ஆசை இன்னும் கூடியது.

இந்தக் குடும்பங்களுக்குப் பிள்ளைகளை 14 வயதில் வேலைக்கு அனுப்பும் தேவை இல்லை. வங்கி, காப்பீடு, ரயில்வே, வணிக நிறுவனம் என்று கணக்கும் கடிதமும் எழுதத் தெரிந்தவர்களுக்கான வேலைகள் பெருகிய காலம் அது. உயர்நிலைப் பள்ளிக்கு உண்மையான தேவை வந்துவிட்டது.

சரி, ஆளுக்கொரு பள்ளி கட்டிக்கொள்ள வேண்டியதுதானே? முடியாது. தொடக்கப் பள்ளியை ஓர் ஆசிரியரை வைத்தே நடத்திவிடலாம். உயர்நிலைப் பள்ளிக்கு லத்தீன், கணிதம், அறிவியல், வரலாறு என்று தனித்தனி ஆசிரியர்கள் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும். படிக்கும் பிள்ளைகளோ ஊருக்கு ஒரு கைப்பிடி. ஆகவே பல ஊர்கள் சேர்ந்து ஒரே உயர்நிலைப் பள்ளி நடத்தும் ஏற்பாடு வந்தது. கலிபோர்னியாவில் 1891-ல் இதற்கென்று தனிச் சட்டமே போட்டார்கள். இல்லினாயில் டவுன்ஷிப் என்ற தயார் எல்லை இருந்தது. நியூ டிரையருக்குத் தெற்கே உள்ள எவன்ஸ்டன் 1883-லேயே டவுன்ஷிப் உயர்நிலைப் பள்ளி தொடங்கியிருந்தது. நியூ டிரையர் பள்ளி வினெட்காவில் 1901-ல் திறந்தது. தொடக்கப் பள்ளிகளை மட்டும் அந்தந்த ஊரே வைத்துக்கொண்டது. இன்றும் அங்கே ஆறு தொடக்கப் பள்ளி டிஸ்ட்ரிக்டுகளின் பிள்ளைகள் ஒரே உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்டில் வந்து சேர்கிறார்கள்.

இந்தப் பள்ளித் தேர்தல்களைப் பற்றி ஒரு விஷயம். அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை வந்தது 1920-ல்தான். ஆனால் இல்லினாயில் பள்ளி அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெண்களுக்கு 1891-லேயே கிடைத்துவிட்டது. பல பெண்கள் வாழ்க்கையில் முதன்முதலாகப் போட்ட வாக்கு பள்ளி வாரியத்துக்கான வாக்கு.

இன்னொரு காரணமும் இருந்தது, அதை ஊர் வரலாறுகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை. 1889-ல் சிகாகோ நகரம் சுற்றியிருந்த ஹைட் பார்க், லேக் வியூ போன்ற பகுதிகளைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தண்ணீர், சாக்கடை, பள்ளி போன்ற வசதிகளைச் சொந்தமாகச் செய்துகொள்ள முடியாத ஊர் நகரத்தோடு சேர்ந்துவிடும், முடிந்த ஊர் தனியாக நிற்கும். எவன்ஸ்டன் வாக்காளர்கள் 1894-ல் சிகாகோவோடு சேர மறுத்தார்கள். சொந்தமாக நல்ல உயர்நிலைப் பள்ளி வைத்திருப்பது, “நகரம் எங்களுக்குத் தேவையில்லை” என்று சொல்வதற்கு வலுவான ஆதாரம்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: வரி போடச் சட்டம் வழிவிட்டது, ரயில் வசதியான குடும்பங்களைக் கொண்டுவந்தது, தனி ஊரால் முடியாததால் ஊர்கள் கைகோத்தன, நகரத்தோடு சேராமல் இருக்கும் விருப்பமும் கூடச் சேர்ந்தது.

உள்ளே என்ன கற்றுக்கொடுத்தார்கள்

வரி உள்ளூர், வாரியம் உள்ளூர் என்றால் பாடமும் ஊருக்கு ஊர் தாறுமாறாக இருந்திருக்க வேண்டுமே? தொடக்கத்தில் அப்படித்தான் இருந்தது. அதை ஒழுங்குபடுத்தியது அரசாங்கம் அல்ல, கல்லூரிகள்.

1871-ல் மிச்சிகன் பல்கலைக்கழகம் ஒரு வழி கண்டது. பேராசிரியர்கள் பள்ளிக்கே போய்ப் பார்ப்பார்கள். தரம் திருப்தி என்றால் அந்தப் பள்ளியில் முடித்தவர்கள் நுழைவுத் தேர்வு எழுதாமலே சேரலாம். இதற்குப் பெயர் அங்கீகாரம். 1893-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட் தலைமையில் பத்துப் பேர் குழு ஓர் அறிக்கை தந்தது. கல்லூரிக்குப் போகிறவர், போகாதவர் என்று பிரிக்காமல், ஒரு பாடத்தை எல்லோருக்கும் ஒரே விதமாகக் கற்பிக்க வேண்டும் என்றார்கள். அப்புறம் கார்னெகி அறக்கட்டளை வந்தது. கல்லூரிப் பேராசிரியர்களுக்கு ஓய்வூதியம் கொடுப்பதற்காகத் தொடங்கிய அமைப்பு அது. ஓய்வூதியத் திட்டத்தில் சேர விரும்பும் கல்லூரி, உயர்நிலைப் பள்ளியில் 14 ‘யூனிட்’ முடித்தவர்களையே சேர்க்க வேண்டும் என்று நிபந்தனை போட்டது. யூனிட் என்றால் ஒரு பாடத்தை ஒரு கல்வியாண்டில் ஏறக்குறைய 120 மணி நேரம் படிப்பது. பேராசிரியர்களின் ஓய்வூதியத்துக்காகப் போட்ட கணக்கு, ஆயிரக்கணக்கான பள்ளிகளின் கால அட்டவணையை மாற்றி அமைத்துவிட்டது. இன்று அமெரிக்காவில் படிக்கும் நம் பிள்ளைகள் எண்ணும் ‘கிரெடிட்’டின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பணம் இருந்த பள்ளிகள் வகுப்பறையோடு நிற்கவில்லை. உள்ளரங்க நீச்சல்குளத்தை மிக முன்னதாகவே கட்டிய அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நியூ டிரையர் ஒன்று. 1920-களில் அங்கே ஆலோசகர் முறையும் வந்தது. ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு குழுவில் இருப்பார், அந்தக் குழுவை ஓர் ஆசிரியர் தினமும் சந்தித்துக் கவனித்துக்கொள்வார். எந்தப் பள்ளிக்கும் வேண்டிய நல்ல ஏற்பாடு. ஆனால் அதற்கு ஆசிரியர்களின் நேரம் வேண்டும், நேரத்துக்குப் பணம் வேண்டும்.

1940 வாக்கில் நாட்டின் 17 வயதினரில் பாதிப் பேர் உயர்நிலைப் பள்ளி முடித்தார்கள். ஐம்பதே வருடத்தில் இப்படி நடந்தது பெரிய சாதனை. உள்ளூர் மக்கள் தங்கள் பணத்தைத் தாங்களே போட்டதால்தான் அது இவ்வளவு வேகமாக நடந்தது என்று நான் நினைக்கிறேன்.

எல்லைக்குள் யாரை விட்டார்கள்

உள்ளூர்ப் பள்ளியில் சேர ஒரே தகுதி எல்லைக்குள் குடியிருப்பது. கட்டணம் இல்லை, நுழைவுத் தேர்வும் இல்லை. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் எல்லைக்குள் குடியிருக்க யாருக்கு அனுமதி?

20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் புறநகர் வீட்டுப் பத்திரங்களில் ‘வெள்ளையர் அல்லாதவருக்கு விற்கக் கூடாது’ என்று எழுதுவது சகஜம். இதற்கு நிபந்தனைப் பத்திரம் என்று பெயர். கறுப்பின மக்களை வெளியே வைப்பதே முதல் நோக்கம். யூதர்களையும் ஆசியர்களையும் தடுத்த இடங்கள் உண்டு. இந்தியர் சட்டப்படி வெள்ளையர் ஆகமாட்டார் என்று 1923-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே சொன்னது. அன்றைக்கு அந்தத் தெருக்களில் வீடு கேட்டு நின்றிருந்தால் நமக்கும் கதவு திறந்திருக்காது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூயார்க்குக்கு வெளியே கட்டப்பட்ட லெவிட்டவுனில் 17,000-க்கும் மேற்பட்ட வீடுகள். அங்கேயும் இதே நிபந்தனை. இத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தக் கூடாது என்று 1948-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும் வழக்கம் உடனே மாறவில்லை. 1965 ஜூலையில் மார்ட்டின் லூதர் கிங் வினெட்காவின் ஊர்த் திடலுக்கே வந்து வீட்டுப் பாகுபாட்டை எதிர்த்துப் பேசினார். வீடு விற்பனையில் இனப் பாகுபாட்டைத் தடை செய்யும் கூட்டாட்சிச் சட்டம் 1968-ல் வந்தது.

அதற்குள் எல்லைகள் இறுகிப்போயிருந்தன. 1954-ல் பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற புகழ்பெற்ற தீர்ப்பு வந்தது நமக்குத் தெரியும். 1974-ல் வந்த டெட்ராய்ட் தீர்ப்பைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. டெட்ராய்ட் நகரத்தையும் 53 புறநகர் டிஸ்ட்ரிக்டுகளையும் சேர்த்துப் பிள்ளைகளைக் கலந்து படிக்க வைக்கும் திட்டத்தை உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் நிராகரித்தது. புறநகர் டிஸ்ட்ரிக்டுகள் தவறு செய்ததாக நிரூபிக்கப்படாமல் அவற்றின் எல்லையைத் தாண்ட முடியாது என்றது. எப்போதோ ஊர்க்காரர்கள் வசதிக்காக வகுத்த கோட்டுக்கு அன்று பெரும் சட்ட பலம் கிடைத்தது.

அதிக வரி கட்டியும் ஏழைப் பள்ளி

சொத்து வரியின் கோளாறை எண்களில் பார்த்தால்தான் உறைக்கும். டெக்சாஸின் சான் அன்டோனியோவில் 1967-68 கல்வியாண்டுக் கணக்கு இது. எட்ஜ்வுட் டிஸ்ட்ரிக்டில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி ஏழைக் குடும்பங்கள். 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். ஆலமோ ஹைட்ஸ் வசதியான பகுதி. அங்கே 85 சென்ட்தான். மாநிலத்தின் பொதுத் திட்டத்துக்குக் கட்ட வேண்டிய பங்கு போக, மாணவர் ஒருவருக்கு உள்ளூர் வரியில் எட்ஜ்வுட்டுக்கு மிஞ்சியது 26 டாலர். ஆலமோ ஹைட்ஸுக்கு 333 டாலர். மாநில, கூட்டாட்சி உதவியைச் சேர்த்த பிறகும் 356-க்கு 594 என்று இடைவெளி நின்றது. அதிக விகிதத்தில் வரி கட்டியவர்களுக்குக் குறைந்த பள்ளி. எட்ஜ்வுட் பெற்றோர் தொடுத்த வழக்கில் 1973-ல் உச்ச நீதிமன்றம், இதைத் தடுக்க அமெரிக்க அரசியல் சாசனத்தில் இடமில்லை என்று இங்கேயும் 5-க்கு 4 கணக்கில் சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு தவறு என்பதே என் கருத்து.

புறநகர் என்றாலே பணக்காரப் பள்ளி என்று நினைப்பதும் சரியல்ல. லெவிட்டவுனையே எடுத்துக்கொள்ளுங்கள். சிறு வீடுகள் ஏராளம், பிள்ளைகள் ஏராளம். வரி தரும் தொழிற்சாலையும் பெருங்கடைகளும் குறைவு. லெவிட்டவுன் பள்ளி வாரியமே மற்ற டிஸ்ட்ரிக்டுகளோடு சேர்ந்து, நிதி முறை நியாயமில்லை என்று நியூயார்க் மாநிலத்தின் மீது வழக்குப் போட்டது, 1982-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் தோற்றது.

மாற்றம் மாநிலம் மாநிலமாகத்தான் வந்தது. 1989-ல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றம், மாநிலச் சாசனத்தின்படி இந்த நிதி முறை செல்லாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1993 முதல் அங்கே சொத்து வளம் மிகுந்த டிஸ்ட்ரிக்டுகள் வரியில் ஒரு பகுதியை மாநிலத்திடம் கொடுத்தாக வேண்டும். தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் பிளேனோ பல ஆண்டுகள் அப்படிக் கொடுத்துவந்த டிஸ்ட்ரிக்டுகளில் ஒன்று. இல்லினாய் 2017-ல் வேறு வழி எடுத்தது. மாநிலம் புதிதாக ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு, தேவைக்கும் வருமானத்துக்கும் இடைவெளி அதிகமாக உள்ள டிஸ்ட்ரிக்டுகளுக்குப் போகும். ஏற்கெனவே மாநிலத்திடமிருந்து பெற்றுவந்த தொகை யாருக்கும் குறையாது. நியூ டிரையர் போன்ற இடங்கள் தங்களுக்குள் திரட்டும் சொத்து வரியை அந்தச் சட்டம் எடுத்துக்கொள்ளவில்லை, எல்லைகளையும் தொடவில்லை.